மெக்சிகன் புல்லும் வெள்ளைக்காரப் பெருச்சாளியும்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. எங்கள் மலைச்சாமி சேர்வராயன் மேல் ஆணை. அவர் குகைக்குள் உட்கார்ந்திருப்பதால் வெளியே பேசுவது காதில் விழாது என்று சந்தேகப்படுகிறவர்களுக்காக, மாதா கோயில் மணியின் மேலும் ஆணை. அதுவும் போதாதென்றால் இன்று காலை நான் குடித்த காப்பியின் மேல் ஆணை. அதில் மட்டும் கொஞ்சம் சிக்கரி கலந்திருந்தது.

மனித குலம் அடைந்த உச்சம் எது என்று கேட்டால் சிலர் சக்கரம் என்பார்கள், சிலர் செல்போன் என்பார்கள். நான் புல்வெளி என்பேன். புல்லை மாடு தின்றால் அது வெறும் மேய்ச்சல். மாட்டை விரட்டி, மனிதனை மிதிக்க விடாமல், பெற்ற பிள்ளையையும் ஓரமாகச் சுற்றிப் போகச் சொல்லி, இருவேளை தண்ணீர் ஊற்றி வளர்த்து, வளர்ந்ததும் வெட்டி எறிந்தால் அது நாகரிகம். அந்த நாகரிகம் எங்கள் மலைக்கு வந்து பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

தலைச்சோலை போகிற வழியில் ஒரு காப்பி எஸ்டேட் இருந்தது. நான் அங்கே ரைட்டர். யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை, யார் வந்தும் வேலை செய்யவில்லை என்று எழுதுகிற உத்தியோகம். பிறகு எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்றார்கள். மேட்டில் இருந்த சில்வர் ஓக் மரங்களை ஒன்று விடாமல் வெட்டிவிட்டு, அங்கே எழும்பிய பங்களாக்களுக்கு 'சில்வர் ஓக் என்கிளேவ்' என்று பெயர் வைத்தார்கள். செத்தவர் பெயரைப் பேரனுக்கு வைப்பதில்லையா, அந்த மரியாதைதான். பள்ளத்தில் கூலிக்காரர்களின் பழைய லைன் வீடுகளும், ஒரு கிணறும், காப்பி காயப்போடும் சிமென்ட் களமும், நானும் விலை போகாமல் மிஞ்சினோம்.

என்கிளேவின் முதல் பங்களா ஞானசுந்தரம் சாருடையது. இன்சூரன்சில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வரப்போகும் ஆபத்தை வராதது போலவும், வராத ஆபத்தை வந்துவிட்டது போலவும் பேசுவதில் முப்பது வருட அனுபவம். காப்பிப் பழத்தைத் தோலுரித்து அலசுகிற பல்பர் கொட்டகை இருந்த இடத்தை இடித்து, மண் போட்டு மேவி, அதன் மேல் மெக்சிகன் புல் பதித்தார். மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் கெட்ட பழக்கம் எனக்கும் இல்லை.

புல் வந்தது. நகைப்பெட்டிக்குள் விரித்த வெல்வெட் போல வந்தது. நடுவில் 'புல்லின் மேல் நடக்காதீர்' என்று பலகை. காவலுக்கு சீசர் என்கிற நாய். கன்றுக்குட்டி அளவு இருக்கும். என் சட்டைப் பையில் எப்போதும் ரஸ்க் இருப்பதால், அது என்மேல் அளவற்ற மரியாதை வைத்திருந்தது.

இந்தப் புல்லின் மேல் ஒரு குடும்பத்தின் மானமே நின்றுகொண்டிருந்தது. ஞானசுந்தரம் சாரின் ஒரே மகள் ஷெர்லினுக்கு ஈஸ்டர் முடிந்த சனிக்கிழமை கல்யாணம். காலையில் கோயிலில் திருமணம், மாலையில் 'பசும்புல் வெளியில் விருந்து' என்று பத்திரிகையில் அச்சடித்தாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் கோயமுத்தூரில் பதினோராவது மாடியில் குடியிருக்கிறவர்கள். சம்பந்தியம்மா போனில், "நகை, சீர் எல்லாம் உங்க இஷ்டமுங்க. புல்லு மட்டும் பச்சையா இருக்கோணும். போட்டோவுக்கு" என்று சொல்லிவிட்டார்.

புல் என்றால் தண்ணீர் வேண்டும். மாசி பிறந்தால் எங்கள் மலையில் கிணறுகள் அடித்தரையைக் காட்டிவிடும். ஆகவே லைன் வீடுகளுக்கென்று வாரம் இருமுறை தண்ணீர் லாரி வரும். வரும், ஆனால் பள்ளத்துக்கு இறங்காது. வழி குறுகல், லாரி கவிழ்ந்துவிடும் என்று என்கிளேவ் நலச் சங்கத்தின் செயலாளர் சரவணன் நேரில் வந்து, பாதை நடுவில் நின்று, இரண்டு கைகளையும் விரித்து அளந்தே காட்டினார். அவர் சேலத்திலிருந்து வந்து ரிசார்ட் நடத்துகிறவர். கைகளை விரித்துப் பேசுவது தொழிலில் வந்த பழக்கம். லாரித் தண்ணீரை மேலே என்கிளேவ் தொட்டியில் இறக்கிக்கொள்வது, பிறகு குழாய் பதித்துக் கீழே அனுப்புவது என்று சங்கம் தீர்மானித்தது.

குழாய் வரும். அதுவரை தொட்டித் தண்ணீர் பாசி பிடித்து வீணாகக் கூடாதே என்ற 'சமூகப் பொறுப்புணர்வோடு' அதைப் புல்லுக்கு ஊற்றினார்கள். யோசித்தால் நியாயம் புரியும். புல்லால் நடந்து போய்த் தண்ணீர் எடுக்க முடியாது. எங்கள் லைன் முத்தாயிக்கோ கால் இருக்கிறது, இடுப்பு இருக்கிறது, இடுப்பில் குடமும் இருக்கிறது. இயற்கை யோசித்துத்தான் எல்லாம் கொடுத்திருக்கிறது.

அப்படியிருக்கையில் தவக்காலத்தின் நடுவே ஒரு காலைப் பொழுது, புல்வெளியின் நட்டநடுவில், பலகைக்குப் பக்கத்திலேயே ஒரு வளை தோன்றியது. ஓரத்தில் சின்ன மண்குவியல். ஞானசுந்தரம் சார் போட்ட சத்தத்தில் பள்ளத்தில் மேய்ந்த கோழிகள் கூண்டுக்குத் திரும்பின.

சங்கத்தின் அவசரக் கூட்டம் அந்தப் பங்களா வராந்தாவிலேயே கூடியது. முதலில் எதிரி யார் என்று வரையறுத்தார்கள். "தனக்கு உரிமையில்லாததைச் சத்தமில்லாமல் குடைந்து எடுத்துக்கொள்ளும் பிராணி" என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பிறகு டீ. பிறகு விவாதம்.

"ஏனுங்க, காட்டுப்பன்னியா இருக்குமுங்களா?" என்றார் சரவணன்.

"பன்னின்னா மூக்குல உழுதுபோடுமுங்க. இது ஒரே ஒரு ஓட்டை. அதுவும் நட்டநடுவுல. அளந்து போட்ட மாதிரி" என்றார் ஞானசுந்தரம் சார்.

உள்ளூர் ஆள் ஒருவரைக் கேட்கலாம் என்று யாரோ சொல்ல, 'மூத்த வனவிலங்கு வல்லுநர்' என்ற பதவியில் என்னை மேலே கூப்பிட்டார்கள். நான் வளையைச் சுற்றி வந்தேன். ஓரமாகத்தான் சுற்றினேன். குனிந்து மோந்து பார்த்தேன். நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. வல்லுநர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

"பெருச்சாளிங்க. நானே கண்ணால பாத்திருக்கறேன். ஆட்டுக்குட்டி ஒசரம். மீசை நரைச்சிருக்கும். துரைமாருங்க காலத்துல சாமானோட கப்பல்ல வந்த சாதி. நொம்ப வயசு."

"அப்புறம் ஏனுங்க போர்டை மதிக்கல?" என்றார் சரவணன்.

"தமிழ் படிக்க வராதுங்களே."

சரவணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். அன்று மாலைக்குள் ஆங்கிலத்திலும் ஒரு பலகை நட்டார்கள்.

ஷெர்லின் மட்டும் வளையருகே உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். "தாத்தா, வாய் இவ்வளவு நேரா இருக்குதே?"

"கான்வென்ட் பக்கமா வளந்த பெருச்சாளி, கண்ணு" என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

விஷம் வைக்கலாமா என்ற கேள்வி வந்தது. "எங்க ரிசார்ட்டு வாசல்லயே புள்ளையார் உக்காந்திருக்காருங்க. அவரோட வண்டிக்கே விஷம் வெச்சுட்டு அவர் மூஞ்சில எப்படி முழிக்கறது?" என்றார் சரவணன். "எனக்கு அந்தச் சிக்கல் இல்லைங்க. ஆனா சீசர் தின்னுட்டா?" என்றார் ஞானசுந்தரம் சார். இப்படி ஒருவர் பக்தியாலும் ஒருவர் நாயாலும் அகிம்சைக்கு வந்து சேர்ந்தார்கள்.

சேலத்திலிருந்து மணிகண்டன் என்ற பூச்சி ஒழிப்பு ஆலோசகர் வந்தார். மடிக்கணினி கொண்டுவந்தார். அதில் பெருச்சாளியின் படத்தைப் போட்டு, அது பெருச்சாளி என்று விளக்கினார். பிறகு வெயிலில் ஓடும் ஒரு குச்சியைப் புல்வெளியில் நட்டார். "இது போடற சத்தம் மனுசனுக்குக் கேக்காதுங்க. வளையில இருக்கறதுக்கு மட்டுந்தான் கேக்கும். ஓடிப்போயிரும்."

சத்தம் சீசருக்குக் கேட்டது. சீசர் ஓடிப்போனது. வாழவந்தியில் ஒரு டீக்கடை பெஞ்சுக்கடியில் கண்டுபிடித்து, பஸ்ஸில் ஏற்றி, எழமாட்டேன் என்று கண்டக்டர் மடியில் படுத்ததால் அப்படியே கொண்டுவந்தார்கள். இதற்குள் புல்வெளியில் இன்னொரு வளை விழுந்திருந்தது.

"ரெண்டாச்சே, தம்பி!" என்று அலறினார் ஞானசுந்தரம் சார்.

"நல்ல அறிகுறிங்க சார். பயந்துக்கிட்டுத்தான் இன்னொரு வழி போடுது" என்றார் மணிகண்டன். கல்வி என்றால் இதுதான். எனக்கு அவர்மேல் அன்றிலிருந்து பெரிய மதிப்பு.

அடுத்தது புகை. ஒரு சட்டியில் காய்ந்த சாணியும் ஒரு படி மிளகாயும் போட்டுக் கொளுத்தி வளைக்குள் ஊதினார்கள். சாதாரண வளை என்றால் கொஞ்ச நேரத்தில் புகை திரும்பி வரும். இந்த வளை அத்தனையையும் விழுங்கிவிட்டு அமைதியாக இருந்தது. கமிட்டி அசந்து நிற்கையில் பள்ளத்திலிருந்து முத்தாயி தும்மிக்கொண்டே ஏறி வந்தாள்.

"ஏனுங்க ரைட்டரே, இங்க வாங்க. நம்ம கெணத்துல இருந்து மொளகாப் பொகை வருதுங்க. கெணறு என்ன தாளிக்குதா?"

"என்ன சொல்லுது அந்தம்மா?" என்றார் சரவணன்.

"அவிங்க ஊட்ல இன்னைக்குக் காரக்கொழம்புங்க" என்று சொல்லி முத்தாயியை நாலு எட்டு கீழே இறக்கி விட்டேன். "சும்மா போ ஆத்தா. நாளைக்குச் சொல்றேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு இன்னொரு தும்மல் போட்டுவிட்டுப் போனாள்.

கமிட்டி சோர்ந்து போயிருந்தது. அப்போது நான் தொண்டையைக் கனைத்து, மிகுந்த தயக்கத்தோடு ஒரு யோசனை சொன்னேன். "எஸ்டேட் காலத்துல தண்ணி விட்டுத்தானுங்க வெளியேத்துவோம். வளை ரொம்பிச்சுன்னா அது மேல வந்துதானே ஆகோணும்?"

மணிகண்டன் மடிக்கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, இது உலகம் முழுக்க ஒப்புக்கொள்ளப்பட்ட முறைதான் என்றார்.

தொட்டியிலிருந்து குழாயைப் போட்டு வளைக்குள் திறந்துவிட்டார்கள். எல்லோரும் கையில் கோணிப்பையோடு சுற்றி நின்றார்கள். தண்ணீர் போனது. போய்க்கொண்டே இருந்தது. தொட்டி காலி. பெருச்சாளி வரவில்லை. அடுத்த லாரி வந்தது. அதையும் விட்டார்கள். வளை கடகடவென்று குடித்தது. "ரொம்பலைன்னா உள்ளே இடம் இருக்குதுன்னு அர்த்தம். இடம் இருந்தா அது உள்ளதான் இருக்குது. நிறுத்தினா இதுவரைக்கும் விட்டதெல்லாம் வீண்" என்றார் மணிகண்டன். வீண் என்ற சொல் சங்கத்துக்கு ஆகாது என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே. புல்லுக்கு ஊற்றுவதை நிறுத்திவிட்டு, வந்த லாரியெல்லாம் வளைக்கே விட்டார்கள்.

கடைசியில் ஒருநாள் சரவணன் கவலையோடு கேட்டார். "ரைட்டரய்யா, இவ்வளவு தண்ணி எங்கதானுங்க போகுது?"

நான் கிழக்கே பார்த்தேன், மேற்கே பார்த்தேன், சேர்வராயன் கோயில் இருக்கும் திக்கைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "கோயில் குகை காவேரி பொறக்கற எடம் வரைக்கும் போகுதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. இந்த வளை அதுல போய்ச் சேந்திருக்குமோ என்னமோ."

வராந்தாவில் டீ டம்ளர்கள் கீழே இறங்கின.

"அப்படின்னா," என்று எழுந்தார் சரவணன், "நாம அந்தப் பக்கத்துக்குத் தண்ணி குடுத்துட்டு இருக்கறோமுங்களா?"

"தண்ணி எப்படிப்பா மேல ஏறி காவேரி பொறக்கற எடத்துக்குப் போகும்?" என்றாள் ஷெர்லின்.

"நீ சும்மா இரு கண்ணு. இது கமிட்டி விசயம்" என்றார் ஞானசுந்தரம் சார்.

இது மாநிலங்களுக்கிடையேயான பிரச்சினையாகிவிட்டதால் கூட்டம் இரண்டு மணிநேரம் நீண்டது. ஒருவர், இப்போது விடுகிற தண்ணீர் ஆடிப் பெருக்கில் மேட்டூருக்குத் திரும்பி வரும், ஆகவே நஷ்டமில்லை என்று நிறுவினார். கைதட்டலோடு இன்னொரு லாரிக்கு அனுமதி கிடைத்தது.

அன்று கீழே இறங்கினால் கிணற்றடியில் லைன் பெண்கள் எல்லோரும் நின்றார்கள். முத்தாயி வாளியை விட்டு, கையை நீட்டினாலே எட்டும் உயரத்திலிருந்து தண்ணீர் மொண்டாள்.

"ஏனுங்க ரைட்டரே, மழையே இல்லை. கெணறு ஏறிக்கிட்டே வருது."

"சேர்வராயன் புண்ணியம், ஆத்தா."

"மொதக் கொடம் காரமா இருந்துச்சுங்க. சேர்வராயன் மொளகா போட்டா தண்ணி குடுப்பாரு?"

பல்பர் கொட்டகைத் தொட்டி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் எங்கள் கிணற்றில் வந்து விழுவதற்கு, துரைமார் காலத்தில் ஒரு கல் கால்வாய் கட்டியிருந்தார்கள். அது மண்ணுக்கடியில் அப்படியே இருக்கிறது. அதன் தலைமாட்டில்தான் ஞானசுந்தரம் சார் புல் பதித்திருந்தார். பெருச்சாளி தற்செயலாக அந்தக் கால்வாயைத் தொட்டிருக்க வேண்டும். நான் இதை முத்தாயிக்கு விளக்கவில்லை. அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெகு நாளைக்குப் பிறகு, சிந்தச் சிந்த நடந்து போனாள்.

கல்யாண நாள் வந்தது. தண்ணீர் முழுவதும் வளைக்குப் போனதால், மெக்சிகன் புல் பொரித்த அப்பளத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. மிதித்தால் அதே சத்தமும் கேட்டது. கோயிலில் திருமணம் முடிந்து எல்லோரும் பங்களாவுக்குத் திரும்பும்போது, சமையல்காரரின் லாரி அண்டா, அடுப்பு, ஆட்களோடு வாசலில் நின்றது. தண்ணீர் லாரியைவிட ஒரு சாண் அகலமான லாரி.

"தண்ணி எங்கைங்க?" என்றார் சமையல்காரர்.

தொட்டியில் ஒரு தவளைதான் இருந்தது. அதுவும் புறப்படத் தயாராக.

ஞானசுந்தரம் சாரும் சரவணனும் பட்டு வேட்டியோடு பள்ளத்துக்கு இறங்கினார்கள். நான் வழிகாட்டியாகப் போனேன். நிரம்பித் ததும்பும் கிணற்றை இருவரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"ஏனம்மா," என்றார் ஞானசுந்தரம் சார். குரலில் அதிகாரம் இல்லை. ஒரு தகப்பன்தான் இருந்தான். "பொண்ணு கல்யாணம். எரநூறு பேரு பட்டினியா போயிருவாங்க. கொஞ்சம் தண்ணி மேல அனுப்பி உடுங்க."

முத்தாயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "அனுப்பறதுக்கு என்னங்க? ஆனா வழி குறுகலாச்சுங்களே. கொடத்தோட ஏறுனா கவுந்துருமுங்க. கொழாய் வரட்டும். வந்த ஒடனே மொதத் தண்ணி உங்களுக்குத்தான்."

"கொழாய் எப்பங்க வரும்?" என்று பதறிவிட்டார் சரவணன்.

"செயலாளரு நீங்கதானுங்களே. நீங்கதான் சொல்லோணும்."

இதுவரை பாதையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஷெர்லின், கல்யாணச் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி இறங்கி வந்தாள். கிணற்றைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். காப்பிக் களத்தைப் பார்த்தாள். "அப்பா, தண்ணி மேல வராதுன்னா விருந்து கீழ வரட்டும். ஏனுங்க அக்கா, களத்தைக் குடுப்பீங்களா?"

"உனக்குக் குடுக்காம யாருக்கு, சாமி" என்றாள் முத்தாயி.

"லாரி எப்படிம்மா எறங்கும்?" என்று பாதை நடுவே ஓடிப் போய் நின்றார் சரவணன். "பாருங்க, இவ்வளவுதான் அகலம்!" இரண்டு கைகளையும் முழுசாக விரித்துக் காட்டினார்.

மேலே இருந்த டிரைவர், யாரோ தன்னைக் கைவிரித்து வா வா என்று கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டார். கியரைப் போட்டார். லாரி இறங்கியது. சரவணன் கைகளை விரித்தபடியே பின்னோக்கி நடக்க, லாரி அவரைப் பின்தொடர்ந்து, இரண்டு பக்கமும் ஓர் ஆள் நடக்க இடம்விட்டு, களத்தில் வந்து நின்றது. டிரைவர் இறங்கி அவருக்கு ஒரு கும்பிடு போட்டார். "நல்லா சைடு சொன்னீங்கண்ணா. ராஜபாட்டைங்க இது."

அங்கே நின்ற யாரும் சிரிக்கவில்லை. ஒரு சங்கத்தின் தீர்மானம் கண்முன்னே சாவதைப் பார்த்துச் சிரிப்பது அழகல்ல.

விருந்து பிரமாதம். சம்பந்தியம்மா மட்டும், "புல்லு எங்கைங்க?" என்று கேட்டார். "மேல இருக்குது அத்தை. பெருச்சாளியும் இருக்குது" என்றாள் ஷெர்லின். அதற்குப் பிறகு சம்பந்தியம்மா காலைத் தரையிலேயே வைக்கவில்லை. போட்டோவில் கிணறு மிக நன்றாக விழுந்திருக்கிறது.

இப்போது தண்ணீர் லாரி நேராக லைன் வீடுகளுக்கே இறங்குகிறது. இறங்காது என்று சொல்ல யாருக்கும் கை விரியவில்லை. நலச் சங்கம் தன் ஆண்டறிக்கையில் 'பெருச்சாளி முற்றாக ஒழிக்கப்பட்டது' என்று பெருமையோடு பதிவு செய்து, வல்லுநர் என்ற முறையில் எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தியது. அதே அறிக்கையில் அந்தப் பழைய வரையறையும் இருக்கிறது: தனக்கு உரிமையில்லாததைச் சத்தமில்லாமல் குடைந்து எடுத்துக்கொள்ளும் பிராணி. அதற்குப் பொருந்துகிறவர்கள் அனைவரும் என்கிளேவில் சௌக்கியமாக இருக்கிறார்கள். மாலையில் வராந்தாவில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள்.

பொன்னாடையை மாட்டுவதற்கு என் வீட்டில் ஆணி இல்லை. கதவுக்குப் பின்னால் சாத்தியிருக்கிற கடப்பாரையின் மேல்தான் போட்டுவைத்திருக்கிறேன். அதன் நுனியில் மெக்சிகன் புல்லின் வேர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.